ஆயிரம் மடங்கு நீர்

இரண்டு சந்தேகங்கள்

மத்திய சர்க்கார் உத்தியோகத்தின் நிமித்தமாகத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்து, முன்பு வினய் நகர் என்று வழங்கிய சரோஜினி நகரின் குவார்ட்டர்ஸில் முதல் குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்களுக்கெல்லாம் பழகிப்போன ஒரு கேள்வி உண்டு. மார்கழி விடியலில் அங்குள்ள விநாயகர் கோவிலுக்குப் புறப்படுகிறவர்களின் கண்ணுக்குப் பத்தடிக்கு அப்பால் நிற்கும் வேப்பமரமும் புலப்படாதபடி பனிமூட்டம் கவிந்திருக்கிறது. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. வாசற்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் நனைகிறது. காற்று முழுவதும் ஜலமாகிவிட்டதோ என்று எண்ணத் தோன்றும் அந்த மாதத்தில்தான் உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது, முழங்காலுக்குக் கீழே சருமம் வெளுத்து, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. ஊரில் ஐப்பசி அடைமழையின்போது ஒருநாளும் இப்படி வறண்டதில்லையே, இத்தனை ஈரத்தின் நடுவே இந்த வறட்சி எங்கிருந்து வந்தது?

இரண்டாவது கேள்வி அண்மைக் காலத்தது. ஏற்றுமதிக்கென்று தைத்து மிஞ்சிய ஆடைகளைக் குவித்து விற்கும் சரோஜினி நகர் மார்க்கெட்டில், அந்த நடைபாதைக் குவியல்களைக் கடந்து அழகுசாதனக் கடைகளின் பக்கம் சென்றால், சொட்டுக்குழாய் பொருத்திய சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டிகளில் ‘ஹையலூரானிக் அமில சீரம்’ என்ற பெயருடன் தெளிந்த, சற்றே கொழகொழப்பான ஒரு திரவம் விற்கப்படுவதைக் காணலாம். தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் வஸ்து அது என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அந்த வாக்கை நம்பி, ஜனவரிக் குளிரிலோ மே மாத அனலிலோ அதை முகத்தில் பூசிக்கொள்ளும் பெண்கள், முதல் ஐந்து நிமிஷம் இதமாக இருந்ததாகவும், அரை மணிக்குள் முகம் முன்னைவிட இறுகி இழுப்பதாகவும் சொல்கிறார்கள். அதே புட்டியைச் சென்னையில் உபயோகிக்கும் அக்காளோ, தங்கையோ, தனக்கு அப்படியொன்றும் நேரவில்லை என்கிறாள். ஆயிரம் மடங்கு நீர் தில்லியில் எங்கே போயிற்று?

இவ்விரண்டு சந்தேகங்களுக்கும் வேர் ஒன்றேதான். அதைத் தேடிப் போகும் வழியில், நம் சரீரத்துக்குள் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளுள் மிகவும் வியக்கத்தக்க ஒன்றையும் நாம் அறிந்துகொள்ளப்போகிறோம்.

எட்டு கிராம் நீராவி

முதலில் காற்றைப் பார்ப்போம். நாளிதழில் அன்றாடம் அச்சாகும் ஈரப்பத சதவீதம், காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்வதன்று. அப்போதைய வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மாத்திரமே சொல்வது. அந்த உச்ச அளவோ, காற்று குளிரக் குளிர வெகு வேகமாகச் சுருங்கிவிடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 8 டிகிரியில் தாங்குவது 8 கிராமுக்குச் சற்று மேல்தான்.

இந்தக் கணக்கை மூன்று நாட்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். தில்லியின் வானிலைக் கணக்குகளுக்கு ஆதாரமான சப்தர்ஜங் நிலையம் சரோஜினி நகருக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரி விடியலில் 8 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் பதிவாகும் நாளில் காற்றிலுள்ள நீராவி 8 கிராம். மே மாத நடுப்பகலில், ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது, 42 டிகிரியும் 15 சதவீத ஈரப்பதமும் பதிவானால், அப்போதும் ஏறக்குறைய அதே 8 கிராம்தான். கண்ணை மறைக்கும் பனிமூட்டமும் உடம்பைப் பொசுக்கும் அனலும் நீராவியைப் பொறுத்தவரை சமானமான வறுமையுடையவை; சென்னைக் காற்றின் செல்வத்தில் மூன்றில் ஒரு பங்கு. பனிமூட்டத்தில் மிதக்கும் நுண்துளிகளையும் சேர்த்துக்கொண்டாலும் அரை கிராமுக்கு மேல் கூடிவிடுவதில்லை.

அந்த 8 டிகிரிக் காற்று நம் முகத்தைத் தொடும்போது என்ன நிகழ்கிறது? சருமத்தின் மேற்பரப்பு சுமார் 32 டிகிரியில் இருக்கிறது. அந்த வெப்பத்துக்கு ஏறிய காற்று 34 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. அதனிடம் இருப்பதோ 8 கிராம். கொடியில் குளிர்ந்து கிடக்கும் துணிக்கும் இரும்புத் தாழ்ப்பாளுக்கும் ஈரம் நிறைந்ததாக இருந்த அதே காற்று, அவற்றைவிட இருபது டிகிரிக்கு மேல் சூடான நம் முகத்தருகே கால் பங்கே நிரம்பிய வறண்ட காற்றாகிவிடுகிறது. ஜன்னல்களை அடைத்து ஹீட்டர் போட்டுக்கொள்ளும் அறையிலும் இதே கதைதான் நடக்கிறது. சருமத்திலிருந்து நீர் வெளியேற இதைவிடத் தோதான சூழ்நிலை வேறு இல்லை.

எண்ணெயில் ஊறிய தோல்

அப்படி வெளியேறும் நீர் எந்த இடத்திலிருந்து போகிறது என்பதையும் அறிய வேண்டும். சருமத்தின் ஆகக் கடைசி வெளியடுக்கில் உயிருள்ள செல்கள் இல்லை. உயிர் துறந்து தட்டையாகிப்போன செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே கொழுப்பால் பூசப்பட்டிருக்கின்றன. கொம்பிலும் நகத்திலும் உள்ள அதே வகைப் புரதத்தால் ஆனதாகையால் இதைக் கொம்படுக்கு என்று அழைப்போம். பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படாது. நம்மைக் காற்றின் தாகத்திலிருந்து காப்பாற்றுவது இந்த மெல்லிய அடுக்குதான்.

1952-இல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்பவர், பாதத்தில் காய்த்துப்போன தோலின் துண்டுகளை எடுத்து நன்றாக உலர்த்தி, சிலவற்றை எண்ணெய்களிலும் சிலவற்றைத் தண்ணீரிலும் ஊறவைத்துப் பார்த்தார். எண்ணெயில் கிடந்த துண்டுகள் எத்தனை நேரமானாலும் மொறமொறப்பாகவே இருந்து, வளைத்தால் ஒடிந்தன. தண்ணீரில் போட்டவை விரைவிலேயே துவண்டு இளகின. கொம்படுக்கை மிருதுவாக்குவது எண்ணெய் அன்று, நீர். எண்ணெய் செய்வதெல்லாம் உள்ளிருக்கும் நீரை வெளியே போகாமல் தடுப்பது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சரும வைத்தியம் முழுவதும் இந்த எளிய பரிசோதனையின்மேல் நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. நீர்ச்சத்து பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது அடுக்கு விறைத்து விரிசல் விடுகிறது. மார்கழியில் குதிகால் பிளப்பது இதனால்தான்.

ஆகவே, நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளைத் தோலில் பூசினால் நன்மை விளையும் என்ற எண்ணம் இயல்பானதே. ஹையலூரானிக் அமிலம் அரங்கத்துக்கு வருவது இவ்விடத்தில்.

மாட்டின் கண்ணிலிருந்து

1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடைய சகா ஜான் பாமரும், மாட்டின் விழிக்கோளத்தை நிரப்பியிருக்கும் பளிங்கனைய கூழ்மத்திலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், அதிலிருந்த ஒருவகைச் சர்க்கரை அமிலத்தின் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார்கள். அமிலம் என்ற பெயரைக் கண்டு எலுமிச்சையையோ கந்தக அமிலத்தையோ நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. உடலில் அது பெரும்பாலும் சோடிய உப்பாகவே இருக்கிறது. கடைப் புட்டியின் சீட்டில் ‘சோடியம் ஹையலூரோனேட்’ என்று அச்சிட்டிருப்பதும் இதுவே.

அதன் அமைப்பு முழுவதும் விளங்க மேலும் இருபதாண்டுகள் ஆயின. இரண்டே வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த, கிளைகளே இல்லாத ஒரு நீண்ட சங்கிலி, அவ்வளவுதான். ஒரு சங்கிலியில் பத்தாயிரம் ஜோடிகள்கூட இருக்கலாம். அதை நேராக நீட்டினால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். அணுக்களின் உலகில் இது மிகப் பெரிய தொலைவு. ஏனைய சர்க்கரைச் சங்கிலிகளைச் செல்கள் தங்கள் உட்பகுதியில் கட்டி முடித்து வெளியே அனுப்புகின்றன. இதையோ செல்லின் புறச்சவ்விலேயே அமர்ந்திருக்கும் ஒரு நொதி, ஒரு பக்கம் கோத்துக்கொண்டே மறுபக்கம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இத்தனை நீளமான மூலக்கூறு செல்லுக்குள் இருந்தால் இடம் போதாது என்பதை உணர்ந்தால், இந்த ஏற்பாட்டின் நயம் விளங்கும்.

நீர் நிற்கும் விதம்

ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே இன மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி நெருங்கிச் சுருண்டு விழ முடிவதில்லை. தளர்ந்து, விரிந்து, தன் பொருளளவைவிடப் பன்மடங்கு பெரிய ஓர் இடத்தைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. அந்த மின்னூட்டங்களை நாடிச் சோடியம் அயனிகள் வந்து சேர, அவற்றைத் தொடர்ந்து நீரும் வந்து நிறைகிறது. இவ்வாறு ஒரு சங்கிலி வளைத்த இடத்துக்குள் அகப்பட்ட நீரைக் கணக்கிட்டால், சங்கிலியின் எடையைப் போல ஆயிரம் மடங்குக்குக் குறையாமல் இருக்கும். விளம்பரத்தின் ஆயிரம் இங்கிருந்து வந்ததுதான், அது பொய்யன்று.

ஆனால் அந்த ஆயிரம் மடங்கு நீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் ஏற்கெனவே நிறைந்திருந்த நீரைத்தான் சங்கிலி தன் வசத்தில் நிறுத்திக்கொண்டது. ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையைத் தம்ளர் நீரில் போட்டால் நொடியில் ஊறி, ஒவ்வொரு விதையும் ஒரு கூழ் உறையைப் போர்த்துக்கொள்கிறது. அதே விதையைத் தட்டில் பரப்பிக் கூடத்தில் வைத்தால், சென்னையின் ஈரக் காற்றில்கூட ஒரு மாதமானாலும் விதை விதையாகவே கிடக்கிறது. ஹையலூரானிக் அமிலத்தின் நடத்தையும் இத்தகையதே. காற்றிலிருந்து அது நீராவியை ஈர்க்கத்தான் செய்கிறது. ஆயினும் ஈரம் மிகுந்த காற்றில்கூடத் தன் எடைக்குச் சமமான நீரைச் சேர்ப்பதே அரிது. வறண்ட காற்றில் அதில் ஒரு சிறு பகுதியையே சேர்க்கும். தண்ணீரில் ஆயிரம் மடங்கு, காற்றில் ஒரு மடங்குக்கும் குறைவு. இவ்விரண்டையும் பிரித்துணராமல் பேசுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பதினைந்து கிராமின் வேலை

சரீரத்துக்குள் நீருக்குப் பஞ்சமில்லை. எனவே அங்கே இம்மூலக்கூறின் முழு ஆற்றலும் வெளிப்படுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் மொத்தம் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி சருமத்தில், பெரும்பாலும் கொம்படுக்குக்கு வெகு கீழே உள்ள உள்தோலில். இந்தப் பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் சிதைக்கப்பட்டுப் புதிதாக நெய்யப்படுகிறது என்பது பலரையும் வியப்பில் ஆழ்த்தும். இரத்தத்தில் கலந்த சங்கிலி சில நிமிஷங்களில் பாதியாகிவிடுகிறது. சருமத்தில் இருப்பது ஓரிரு நாள் தாங்குகிறது. குருத்தெலும்பில் இருப்பது வாரக்கணக்கில் நிலைக்கிறது. முதுமையில் மேல்தோலின் உயிருள்ள அடுக்குகளில் அது மங்கிவிடுவதை நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள்.

மூட்டுக்களில் அதன் வேலை தனி அழகுடையது. முழங்காலின் திரவம் மெதுவான அசைவின்போது எண்ணெயின் குணத்துடன் வழுக்கவும், திடீரென்று குதிக்கும்போது ரப்பரின் குணத்துடன் அதிர்ச்சியைத் தாங்கவும் வல்லதாக இருப்பது, அதில் பின்னிக்கிடக்கும் இந்த நீண்ட சங்கிலிகளால்தான். இதைக் கண்டே முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இதை ஊசிமூலம் செலுத்தும் சிகிச்சை பரவியது. ஆனால் 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த ஆய்வு, வலி குறையும் அளவு நோயாளி உணர்ந்து சொல்லத்தக்க அளவுக்கு இல்லை என்று முடிவு கூறியது. அதிகச் செலவில் இந்த ஊசிக்கு ஏற்பாடு செய்யும் முதியவர்கள் இந்த முடிவை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

இச்சங்கிலியை வெட்டும் நொதிக்கு ஹையலூரானிடேஸ் என்று பெயர். 1928-இல் டுரான்-ரெய்னல்ஸ் என்ற ஸ்பானிய விஞ்ஞானி, சில திசுச் சாறுகளைக் கலந்து செலுத்தினால் ஊசி மருந்து தோலுக்குள் வெகு தூரம் பரவுவதைக் கண்டு, அதைப் ‘பரப்பும் காரணி’ என்றார். பின்னர் பெனிசிலின் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் செயினும் டூத்தியும் 1940-ஆம் ஆண்டையொட்டி அது இந்த நொதிதான் என்று நிறுவினார்கள். நச்சுப் பாம்புகளின் விஷத்திலும் தேனீயின் கொடுக்கிலும் அது இருக்கிறது. திசுக்களின் இடைவெளிகளை நிரப்பி நிற்கும் கூழை அது கரைத்துவிடுவதால், மற்ற விஷங்கள் தடையின்றிப் பரவுகின்றன.

சில பாக்டீரியங்கள் இதைவிடச் சாமர்த்தியமானவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தில் சில, ஹையலூரானிக் அமிலத்தையே உறையாகப் போர்த்துக்கொண்டு, நம் உடம்பின் காவல் செல்களுக்குத் தாங்களும் அந்த உடம்பைச் சேர்ந்தவையென்றே தோற்றமளிக்கின்றன. நல்ல வேளையாக இந்தத் தந்திரம் நமக்குப் பயன்பட்டது. வெகுகாலம் சேவற்கொண்டையிலிருந்தே எடுக்கப்பட்டு வந்த இப்பொருள், இப்போது பெரும்பாலும் குதிரைகளைத் தாக்கும் அத்தகைய ஒரு பாக்டீரியத்தைத் தொட்டிகளில் வளர்த்துச் சுத்திகரித்துப் பெறப்படுகிறது. சைவ உணவினர் வீட்டில் எழும் நியாயமான கேள்விக்கு இது விடை.

கண்ணுக்குள் ஒரு துளி

ஹையலூரானிக் அமிலம் மனிதகுலத்துக்குச் செய்த ஆகப் பெரிய உபகாரம் எதுவென்று கேட்டால், அழகுசாதனத்தை நான் சொல்லமாட்டேன். கண்புரை அறுவையைத்தான் சொல்வேன். சரோஜினி நகரிலிருந்து சிறிது தூரத்திலுள்ள அன்ஸாரி நகரில், எய்ம்ஸ் வளாகத்துக்குள் 1967-இல் தொடங்கிய ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் இருக்கிறது. இத்தகைய ஓர் அறுவைக்கூடத்தில் கண்புரையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தும்போது, கருவிழியின் பின்புறத்தில் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள் கருவியின் உராய்வில் நசுங்கிவிடும் அபாயம் உண்டு. மனிதனுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஹங்கேரியில் பிறந்து ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் உழைத்த எண்ட்ரே பாலாஷ் என்பவர், சேவற்கொண்டையிலிருந்து இம்மூலக்கூறை அழற்சி உண்டாக்காத தூய்மைக்குக் கொண்டுவந்தார். அவ்வாறு பிறந்த ‘ஹீலான்’ 1980-ஐ ஒட்டிக் கண் மருத்துவத்துக்கு வந்தது. மெல்லிய ஊசி வழியாகத் தள்ளும்போது இளகி ஓடி, கண்ணுக்குள் சென்றதும் மீண்டும் கெட்டிப்பட்டு, அறை சரிந்துவிடாமல் தாங்கி, செல்களைப் போர்த்துக் காப்பது அதன் இயல்பு. அசைவின் வேகத்துக்கேற்ப இளகியும் கெட்டித்தும் முழங்காலில் செய்யும் அதே வித்தை.

அதன் விலை ஏழை நாட்டுக்குப் பெரிய தடையாயிற்று. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் தொடர்பில் 1992-இல் உருவான ஆரோலேப் தொழிற்கூடமும் கண்ணுள் வைக்கும் வில்லையின் விலையைச் சாமானியருக்கு எட்டும்படி இறக்கியது யாவரும் அறிந்தது. வில்லையைப் பொருத்தும்போது கண்ணில் நிரப்பும் கூழுக்கும் மாற்று தேட வேண்டியிருந்தது. தாவர நாரான செல்லுலோஸிலிருந்து செய்யும், விலை மலிவான ஒரு கூழ் இந்தியா முழுவதும் பரவலாக வழங்குகிறது. குணத்தில் ஒரு படி தாழ்ந்ததாயினும் இலட்சக்கணக்கான கண்களுக்கு ஒளி தந்த பொருள் அது.

மூன்று சொட்டின் கணக்கு

இனி புட்டிக்குத் திரும்புவோம். இந்த அத்தியாயத்தில் வாசகர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே வரவேண்டிய இடம் இது.

புட்டியில் ஹையலூரானிக் அமிலம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவிலேயே திரவம் கொழகொழவென்று ஆகிவிடுவதால் இதற்கு மேல் வெகுவாகக் கூட்டவும் முடியாது. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், முகத்துக்குப் பூசும் மூன்று சொட்டின் எடை 150 மில்லிகிராம். அதில் ஹையலூரானிக் அமிலம் ஒன்றரை மில்லிகிராம்; மிச்சம் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். வயது வந்தவரின் முகத்தின் பரப்பு ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர். தண்ணீர் ஆவியாகிப் போனபின் அந்த ஒன்றரை மில்லிகிராம் அத்தனை பரப்பிலும் விரிந்து நிற்குமானால், படலத்தின் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். தன் எடையளவு நீரைக் காற்றிலிருந்து அது பெற்றதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதன் கையிருப்பு ஒன்றரை மில்லிகிராம் நீர்.

மறுபக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். வியர்வை சிறிதும் இல்லாதபோதும் ஆரோக்கியமான சருமத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் மணிக்குச் சுமார் 10 கிராம் நீர் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து வெளியேறுகிறது. முகத்தின் பரப்புக்கு அது மணிக்கு அரை கிராம், அதாவது 500 மில்லிகிராம். ஒரு மணியில் 500 செலவாகும் இடத்தில் ஒன்றரை வரவு! புட்டியில் 2 சதவீதம் என்றிருந்தால் வரவை இரட்டித்துக்கொள்ளுங்கள், முடிவு மாறப்போவதில்லை. மூன்று சொட்டில் வந்த தண்ணீரும் தில்லிக் காற்றில் சில நிமிஷத்தில் மறைந்துவிடும்.

இந்தக் கணக்கு விளம்பரத்தை மட்டுமன்று, விளம்பரத்துக்கு எதிராகப் பரவியிருக்கும் ஒரு வதந்தியையும் சேர்த்தே கலைத்துவிடுகிறது. வறண்ட ஊரில் இந்த சீரம் பூசினால், காற்றில் நீர் கிடைக்காமல், சருமத்தின் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சி எடுத்து முகத்தை உலர்த்திவிடும் என்று பலர் எச்சரிக்கிறார்கள். ஒன்றரை மில்லிகிராமால் அப்படி எவ்வளவு நீரை உறிஞ்சிவிட முடியும்? நல்லது செய்யப் போதாத அளவு, கெடுதல் செய்யவும் போதாது. முகம் இழுப்பதற்குக் காரணம் வேறு: ஈரமாக விரிந்த சங்கிலிகள் உலரும்போது சுருங்கி, தாம் ஒட்டிய பரப்பையும் மெல்ல இழுத்துப் பிடிக்கின்றன. சென்னைக் காற்றில் படலம் முழுதாக உலராமையால் அக்காளுக்கு அந்த இழுப்புத் தெரிவதில்லை.

அப்படியானால் அது உள்ளே இறங்கி வேலை செய்யாதா? கொம்படுக்கைக் கடந்து செல்லும் பொருள்களின் மூலக்கூறு எடை சுமார் 500-க்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று, மருந்துகளையும் ஒவ்வாமை விளைவிக்கும் பொருள்களையும் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் இரு டச்சு மருத்துவர்கள் ஒரு வரம்பு சொன்னார்கள். இந்தச் சங்கிலியின் ஒரே ஒரு ஜோடிக்கே எடை 400-ஐ ஒட்டி வருகிறது. முழுச் சங்கிலியோ பல இலட்சம். சிறு துண்டுகளாக வெட்டிய வகையில் கொஞ்சம் நுழைவதாகச் சில சோதனைகள் காட்டுவது மெய்தான். ஆனால் உடம்பு இத்துண்டுகளைக் காயத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அழற்சியைத் தூண்டுவதும் உண்டு. எனவே சிறியதெல்லாம் சிறந்தது என்று கொள்வதற்கில்லை.

பூசினால் முகம் வழவழப்பாவதாகச் சொல்பவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. அந்த மெல்லிய படலம் நுண்கோடுகளின் மேடுபள்ளத்தைச் சமன்படுத்துகிறது; மேலும் பெரும்பாலான புட்டிகளில் கிளிசரினும் கலந்திருக்கிறது. கிளிசரின் சின்னஞ்சிறு மூலக்கூறு, எடை 92. கொம்படுக்குக்குள் நுழைந்து அங்கேயே தங்கி நீரை ஈர்க்க வல்லது. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் பழைய பொருளுக்கு விளம்பரம் இல்லாமற்போனது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

மேலே மூடுவது எது

தில்லியில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒருவர் செய்யவேண்டியது பிளாங்க் அவர்களின் பரிசோதனையிலேயே அடங்கியிருக்கிறது: அடுக்குக்கு நீர் ஊட்டுவது, உடனே அதன்மேல் ஒரு மூடுபூச்சு இடுவது. அதிகச் சூடில்லாத நீரில் சுருக்கமாகக் குளித்து, உடம்பைத் துவட்டி முடிக்குமுன்பே, ஈரம் இருக்கையில் பூச்சைத் தடவிவிட வேண்டும். வாஸ்லைன் என்று நாம் அறிந்த பெட்ரோலியக் களிம்பு, நீர்க்கசிவைத் தடுப்பதில் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. சீரத்தை விரும்பி வாங்கியவர்கள் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. ஈர முகத்தில் அதைப் பூசி, உலரவிடாமல் அதன்மேல் கிரீம் இட்டால் இழுப்பு இராது.

தேங்காய் எண்ணெயையே தஞ்சமென்று நம்பி வந்த நம்மவர்களுக்குத் தில்லிக் குளிரில் ஒரு சங்கடம் உண்டு: சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து புட்டியிலிருந்து இறங்க மறுக்கிறது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளகிவிடும். சருமத்தின் சூட்டில் மறுபடி உறையாது. 2004-இல் பிலிப்பைன்ஸில் வறண்ட சருமக்காரர்களிடம் நடத்திய சோதனையில், அது கனிம எண்ணெய்க்குச் சமமாகப் பயன்பட்டது. அக்கம்பக்கத்து வழக்கத்தைப் பார்த்துக் குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பதற்குமுன் மாத்திரம் ஒருமுறை யோசிக்கலாம். 2002-இல் வெளியான ஆராய்ச்சியில், எலிகளின் பழுதுபட்ட தோலரண் சீராவதைக் கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது.

ஊசியின் வழி

கொம்படுக்கைக் கடக்க முடியாத பொருளை ஊசியால் கடத்திவிடலாம் அல்லவா? ‘ஃபில்லர்’ என்று வழங்கும் சிகிச்சை அதுதான். இயற்கையான சங்கிலியைச் செலுத்தினால் ஓரிரு நாளில் உடம்பு அதைச் சிதைத்துவிடும் என்பதால், சங்கிலிகளை ஒன்றோடொன்று இரசாயனத்தால் பிணைத்துக் கெட்டிக் கூழாக்கிச் செலுத்துகிறார்கள். 2003 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இவ்வகையில் முதலாவதாக ‘ரெஸ்டிலேன்’ என்பதற்கு அனுமதி தந்தது. தொங்கிய கன்னமும் ஒடுங்கிய உதடும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கும் மேலாக நிரம்பி நிற்கின்றன. சீரத்தால் ஆகாதது இங்கே ஆகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் முகத்தின் இரத்தக்குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு இணைந்தவை. மூக்கின் மேற்பகுதியிலோ புருவ மத்தியிலோ செலுத்திய கூழ் தவறுதலாக ஒரு தமனிக்குள் புகுந்தால், சருமம் அழுகுவதும், அரிதாகப் பார்வை நிரந்தரமாகப் பறிபோவதும் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. குறைந்த கட்டணத்தைக் காட்டி அழைக்கும் அழகுநிலையங்களில், மருத்துவம் பயிலாதவர்கள் கையால் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதை நினைக்கையில் என் மனம் பதறுகிறது. அடைப்பு நேர்ந்துவிட்டால் அதைக் கரைக்கக்கூடிய மருந்து, பாம்பின் விஷத்தில் நாம் சந்தித்த அதே ஹையலூரானிடேஸ் நொதிதான். கண்புரை அறுவைக்கு முன் மரப்பு மருந்து கண்ணைச் சுற்றிலும் பரவுவதற்காக அதோடு இந்த நொதியைச் சேர்ப்பது வழக்கமாகையால், நம் நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு அது பழகிய புட்டி. ஊசி போடுபவர் பதிவு பெற்ற டாக்டர்தானா, அந்தப் புட்டி அதே அறையில் கைவசம் இருக்கிறதா, அடைப்பின் முதல் அறிகுறியான வெளுப்பையும் கடும் வலியையும் கண்டால் நிமிஷங்களுக்குள் அதைச் செலுத்த அவருக்குத் தெரியுமா என்பவற்றை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.